பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி: கடலோர ஊரில் வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

மணக்குடி_காயல்:
எல்லாருக்கும் வணக்கம். எட்டு லட்சத்துக்குள் ஒரு பழைய ஜெர்மன் செடான் எடுக்க யோசனை. மூணு வண்டி பார்த்து வச்சிருக்கேன்.

முதலாவது, 2011 பென்ஸ் இ250 சிடிஐ. டிஎன் 74 பதிவு, 1.1 லட்சம் கி.மீ.
ரெண்டாவது, 2010 பிஎம்டபிள்யூ 320டி ஆட்டோமேட்டிக், இ90 மாடல். கேஎல் 01 பதிவு, 92,000 கி.மீ.
மூணாவது, 2012 ஆடி ஏ4 2.0 டிடிஐ. டெல்லி பதிவு, என்ஓசி (வேற மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபணை இல்லைன்னு சான்று) கையில இருக்கு, 70,000 கி.மீ. விலை மற்ற ரெண்டை விடவும் ரொம்பக் குறைவு.

வீடு கடலில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள. தினமும் நாகர்கோவில் போய்வர 20 கி.மீ., மாசம் ரெண்டு தடவை திருவனந்தபுரம். எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது?

தக்கலை_டீசல்:
மூணும் மூணு விதமா செலவு வைக்கிற வண்டி. எது என்ன செலவு வைக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு விலை பேசுங்க.

320டி-யில் இருப்பது என்47 இன்ஜின். டைமிங் செயின் இன்ஜினுக்குப் பின்னால, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. 2007-ல இருந்து 2011 தொடக்கம் வரை வந்த என்47-ல செயின் நீளும், பிளாஸ்டிக் கைடு உடையும். ஓடும்போது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போச்சு. கண்டுபிடிக்க ஒரு வழி: இரவு முழுக்க நின்ற வண்டியை காலையில பானெட்டைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீங்க கண்ணாடிப் பக்கம், அதாவது இன்ஜினுக்குப் பின்பக்கம் காதை வச்சு நில்லுங்க. 1,500-ல இருந்து 2,500 ஆர்பிஎம் வரை மெதுவா ஏத்தும்போது சங்கிலி உரசுற மாதிரி கரகரன்னு சத்தம் வந்தா அந்த வண்டியை விட்டுடுங்க. சத்தம் இல்லைன்னா செயின் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. மேல் செயின், கீழ் செயின், கைடுகள், டென்ஷனர் மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க. அந்த வேலைக்கு கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கணும். உதிரிபாகத்தை விட கூலிதான் அதிகம் வரும்.

இ250-ல இருப்பது ஓஎம்651 இன்ஜின். இதிலும் செயின் பின்பக்கம்தான், ஆனா என்47 அளவுக்குத் தொல்லை கிடையாது. இதுல பார்க்க வேண்டியது இன்ஜெக்டர். தொடக்க காலத்துல டெல்ஃபை பீசோ இன்ஜெக்டர் வந்தது. அது தொல்லை கொடுத்ததால பென்ஸ் சோலினாய்டு வகைக்கு மாத்துச்சு. 2011 வண்டின்னா மாத்தியாச்சா இல்லையான்னு சேசிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டுல பாருங்க. அடுத்தது வாட்டர் பம்ப் கசிவு. பம்பைச் சுத்தி வெள்ளையாவோ நீலமாவோ காய்ஞ்ச கறை தெரியும்.

ஆடி ஏ4-ல இன்ஜின் மோசமில்லை. டைமிங் பெல்ட் வகை. பெல்ட் மாத்தின ரெக்கார்டு இல்லைன்னா வாங்கின அன்னைக்கே பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நாலையும் சேர்த்து மாத்தணும். 70,000 கி.மீ.தானேன்னு விடக்கூடாது. பெல்ட் ரப்பர், வயசானா வெடிக்கும். உண்மையான பயம் கியர்பாக்ஸ். இந்த முன்சக்கர ஓட்ட ஏ4-ல மல்டிட்ரானிக் சிவிடி, அதாவது படி இல்லாம மாறுற ஆட்டோ கியர் வரும். அதுக்கு 60,000 கி.மீ.க்கு ஒருதடவை ஆயில் மாத்தச் சொல்லி ஆடியே சொல்லியிருக்கு. மாத்தாம ஓட்டின வண்டியில டிராஃபிக்ல மெதுவா ஊர்ந்து போகும்போது வண்டி அதிரும். ஓட்டிப் பார்க்கும்போது பைபாஸ்ல 100-ல ஓட்டாதீங்க. கோட்டார் மார்க்கெட் பக்கம் கூட்ட நேரத்துல பத்து நிமிஷம் ஊர்ந்து பாருங்க.

வேளிமலை:
தம்பி, இன்ஜினைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஆர்சி-யைப் பாருங்க. மூணு வண்டியிலயும் காகிதத்தில் வேலை இருக்கு.

தனியார் காருக்கு பதிவு 15 வருடம். 2010 வண்டிக்கு 2025, 2011-க்கு 2026, 2012-க்கு 2027. விற்கிறவர் புதுப்பிச்சுக் கொடுத்தாரா, இல்ல உங்க தலையில விழுதா? படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்டிஓ முன்னால காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல் முதல் இங்கே அசெம்பிள் ஆன காருக்கு மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதி ஆன காருக்கு 40,000. நீங்க சொல்ற மாடல்கள் புனே பக்கம் சாக்கன், சென்னை, அவுரங்காபாத்ல அசெம்பிள் ஆனவைதான். ஆனாலும் ஆர்சி-யில எப்படிப் பதிவாகியிருக்குன்னு பாருங்க. தமிழ்நாட்டுல பசுமை வரி தனியா வரும்.

கேஎல் வண்டியை இந்தப் பக்கம் வச்சு ஓட்டணும்னா 12 மாசத்துக்குள்ள தமிழ்நாட்டு எண் வாங்கணும். படிவம் 28-ல என்ஓசி, 29-ம் 30-ம் பெயர் மாற்றத்துக்கு, 27 புது எண்ணுக்கு. வங்கிக் கடன் இருந்து அடைச்சிருந்தா படிவம் 35. சேசிஸ் எண்ணைப் பென்சில்ல தேய்ச்சு எடுத்த பிரதியும் கேப்பாங்க. ஆயுள் வரியை இங்கே மறுபடி கட்டணும். கேரளாவுல கட்டினதுல மீதிக் காலத்துக்கு உள்ளதைத் திரும்பக் கேக்கலாம். அதை விற்கிறவரோட பேசும்போதே யார் வாங்கிக்கிறதுன்னு எழுதிடுங்க. களியக்காவிளையில இருந்து நாகர்கோவில் வரைக்கும் கேஎல் எண்ணோட வருஷக்கணக்கா ஓடுற வண்டி நிறைய. அதைப் பார்த்து நாமும் அப்படியே ஓட்டலாம்னு நினைக்காதீங்க. இன்சூரன்ஸ் கிளெய்ம் வரும்போது முதல்ல பார்க்கிறது ஆர்சி பெயரைத்தான். இன்சூரன்ஸையும் பெயர் மாத்தின 14 நாளுக்குள்ள உங்க பெயருக்கு மாத்தணும்.

டெல்லி வண்டி ஏன் மலிவுன்னு கேட்டா, அங்கே 10 வருடம் தாண்டின டீசல் காருக்குத் தடை வந்ததால என்ஓசி வாங்கித் தெற்கே அனுப்புறாங்க. அதுல தப்பில்லை. ஆனா என்ஓசி எந்த ஆர்டிஓ பெயருக்கு வழங்கியிருக்கு, நாகர்கோவிலா மார்த்தாண்டமா வேற ஊரான்னு படிச்சுப் பாருங்க. வேற ஊர் பெயர்ல இருந்தா திரும்ப டெல்லிக்கு அலையணும்.

பிஒய் எண் வண்டி யாராவது காட்டினா கூடுதலா யோசிங்க. வரி குறைவுன்னு முகவரி மட்டும் புதுச்சேரியில காட்டிப் பதிஞ்ச சொகுசுக் கார்கள் மேல வழக்கே நடந்திருக்கு.

ஆரல்_காற்று:
வேளிமலை அக்கா சொன்னது சரி. நான் கியர்பாக்ஸ் பத்திச் சொல்லுதேன். பழைய ஆட்டோ கியர்ல ஆயிலைத் தொடாதீங்க தம்பி. லட்சம் ஓடினதுக்கு அப்புறம் புது ஆயில் ஊத்தினா சறுக்க ஆரம்பிக்கும். கம்பெனியே லைஃப்டைம் ஆயில்னுதான் எழுதியிருக்கு, பாத்துக்கிடுங்க.

தக்கலை_டீசல்:
அண்ணாச்சி, இதுல நான் முழுசா மாறுபடுறேன். 320டி-யில இருக்கிற 6 ஸ்பீடு கியர்பாக்ஸைச் செஞ்ச இசட்எஃப் கம்பெனியே 80,000-ல இருந்து 1,20,000 கி.மீ.க்குள்ள ஆயில் மாத்தச் சொல்லுது. லைஃப்டைம்னு எழுதினது கார்க் கம்பெனி. புது ஆயில் ஊத்தினதும் சறுக்குற பாக்ஸ், ஏற்கெனவே கிளட்ச் தேய்ஞ்சு, அந்தத் தூள் கலந்த பழைய ஆயில்ல பிடிச்சு ஓடிக்கிட்டு இருந்த பாக்ஸ். புது ஆயில் அதைக் கெடுக்கலை, இருந்த கேட்டை வெளிய காட்டிச்சு.

அதனாலதான் முதல்ல சோதனை, பிறகு ஆயில். குளிர்ந்த நிலையில பி-யில இருந்து ஆர், ஆர்-ல இருந்து டி போடும்போது ஒரு நொடிக்கு மேல தாமதமோ, பட்டுன்னு குத்தோ வந்தா வேண்டாம். சூடான பிறகு 2-ல இருந்து 3-க்கு மாறும்போது ஆர்பிஎம் ஏறி இறங்குதான்னு கவனிங்க. இது ரெண்டும் இல்லாத பாக்ஸுக்குப் புது ஆயில் நல்லதுதான் செய்யும்.

முறை: ஊத்துற மூடியை முதல்ல கழட்டிப் பாத்துட்டுத்தான் இறக்குற மூடியைத் தொடணும். மேல் மூடி துருப்பிடிச்சு வரலைன்னா ஆயில் இல்லாத கியர்பாக்ஸோட லிஃப்ட்ல மாட்டிக்கிடுவீங்க. இந்த இசட்எஃப்-ல பேன் (அடியில ஆயில் தங்குற தட்டு) பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடயே சேர்ந்தது. அதனால பேன் முழுசாவே வாங்கணும். பேனைக் கழட்டினா மெக்காட்ரானிக்குக்கும் (உள்ள இருக்கிற கியர் கட்டுப்பாட்டுப் பகுதி) வெளிக் கனெக்டருக்கும் நடுவுல உள்ள பிளாஸ்டிக் ஸ்லீவையும் மாத்துங்க. ஆயில் அங்கிருந்துதான் கசியும். லெவல் பார்க்கிறது இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போது, ஆயில் 30-ல இருந்து 50 டிகிரிக்குள்ள இருக்கும்போது. நம்ம ஊர் வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்த உடனே பார்த்தா 50-ஐத் தாண்டியிருக்கும், லெவல் தப்பாக் காட்டும். காலையில ஆறவிட்டுச் செய்யுங்க. வெப்பத்தை ஸ்கேனர்லதான் பார்க்கணும், கையால தொட்டு இல்லை.

பென்ஸ்ல ஐந்து கியரா ஏழு கியரான்னு பாருங்க. ஐந்து கியர் 722.6-ல அளவுகோல் கிடையாது. குழாய் மட்டும் இருக்கும், அதுக்குன்னு தனிக் கோல் வாங்கி 80 டிகிரியில பார்க்கணும். அதுல 13 பின் கனெக்டர்ல இருக்கிற ஓ-ரிங் கசிஞ்சா, ஆயில் வயர் வழியா ஏறி உள்ள இருக்கிற கியர் கம்ப்யூட்டருக்கே போயிடும். ஓ-ரிங் சின்னச் சாமான், கம்ப்யூட்டர் பெரிய செலவு. ஏழு கியர் 722.9-க்கு 2010 நடுவுல ஆயில் வகையே மாறிச்சு: முன்னது 236.14 சிவப்பு, பின்னது 236.15 நீலம். 2011 வண்டின்னா சேசிஸ் எண்ணை வச்சு உறுதி பண்ணாம ஊத்தாதீங்க. பேன் இறக்கி ஊத்தினா 4-ல இருந்து 5 லிட்டர்தான் மாறும், மீதி டார்க் கன்வெர்ட்டர்ல இருக்கும். அதனால சிலர் 5,000 கி.மீ. கழிச்சு இன்னொரு தடவை மாத்துறாங்க. அது நல்ல பழக்கம்.

ஆரல்_காற்று:
நீங்க சொல்லுத காரணம் புரியுது. சோதிச்சுட்டு மாத்துறதுன்னா சரிதான்.

முட்டம்_கலங்கரை:
மணக்குடியில நிக்கப்போற வண்டிக்கு இன்ஜினை விட அடிப்பாகம்தான் முதல் கேள்வி. கடல் காத்துல உப்புத் துளி வருது. தென்மேற்குப் பருவக்காத்துல அது கரையில இருந்து உள்ள ரொம்ப தூரம் போகும். அதுமேல ஈரம் சேர்ந்தா இரும்புக்கு ஓய்வே இல்லை.

வண்டியை லிஃப்ட்ல ஏத்தாம காசு கொடுக்காதீங்க. ஒரு தட்டையான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு இந்த இடங்கள்ல குத்திப் பாருங்க: பின் சப்ஃப்ரேம் மடிப்பு, ஜாக்கி வைக்கிற இடம், சைலென்சர் தொங்குற இடம், பிரேக் பைப் கிளிப் மாட்டியிருக்கிற இடம், பின் வீல் ஆர்ச் உள்மடிப்பு. மேலோட்டமான பழுப்புத் துருவை விட்டுடலாம். குத்தும்போது உள்ள போனா, பொடிப் பொடியா உதிர்ந்தா விட்டுட்டுப் போங்க. அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புத் தார் பூசிப் பளபளன்னு இருந்தா அது நல்ல அறிகுறி இல்லை. விற்கிறதுக்கு முந்தின வாரம் துருவை மூடியிருக்காங்க. துருமேல தார் பூசினா ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு இன்னும் வேகமா அரிக்கும்.

வாங்கினதுக்கு அப்புறம்: வாரம் ஒருதடவை அடிப்பாகத்தை நல்ல தண்ணியில அடிச்சுக் கழுவணும். கிணத்துத் தண்ணி உப்பா இருந்தா அதால கழுவாதீங்க. இந்தக் கரையில பல கிணறு அப்படித்தான். நல்லாக் காய்ஞ்ச பிறகு, துருவை வயர் பிரஷ்ல சுரண்டி, மெழுகு வகையோ லேனோலின் வகையோ பூசுங்க. அது காயாம மெல்லிசா ஊர்ந்து மடிப்புக்குள்ள போகும். வருஷத்துக்கு ஒருதடவை போதும், மே மாசக் கடைசியில. பிரேக் டிஸ்க், பேட், ரப்பர் புஷ் மேல படாம பாலித்தீன் கட்டிக்கணும்.

பழைய பென்ஸ்ல 1995-ல இருந்து 2002 வரை வந்த இ-கிளாஸ் டபிள்யூ210, அதுக்கப்புறம் வந்த சி-கிளாஸ் டபிள்யூ203-ல முதல் சில வருஷ வண்டிகள், இந்த ரெண்டும் துருவுக்குப் பேர்போனவை. டபிள்யூ210-ல முன் ஸ்பிரிங் உட்கார்ற தாங்கியே அரிச்சு விழும். கடலோர வீட்டுக்கு அதை எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேண்டாம். நீங்க பார்க்கிற இ250, அதாவது டபிள்யூ212, அந்த விஷயத்துல எவ்வளவோ தேவலை.

இன்னொரு விஷயம் யாரும் பார்க்கிறதில்லை: எர்த் வயர். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எர்த் பட்டை உப்புல பச்சை பிடிச்சா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்கு எல்லாம் எரியும். சென்சார், மாட்யூல்னு மாத்திக்கிட்டே இருப்பாங்க. போல்ட்டைக் கழட்டி, தகடு வெள்ளையாத் தெரியுற வரை தேய்ச்சு, இறுக்கி, மேல பெட்ரோலியம் ஜெல்லி தடவினா அரை மணி நேர வேலை.

குழித்துறை_ஆறு:
வெள்ளத்துல நின்ற வண்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேரளா வண்டின்னாலே 2018 பயம் இருக்கு.

முட்டம்_கலங்கரை:
2018 ஆகஸ்ட் கேரளா, 2015 டிசம்பர் சென்னை, 2023 டிசம்பர்ல சென்னையும் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடியும். இந்த ஊர்கள்ல பதிஞ்ச வண்டிகள்ல இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாறு கேளுங்க. வண்டியில பார்க்க வேண்டியது: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்க. யாரும் கழுவாத பெல்ட் அடிப்பகுதியில சேத்துக் கோடு தெரியும். பெல்ட் லேபிள்ல தயாரிப்புத் தேதியும் இருக்கும். 2010 வண்டியில 2018 பெல்ட் இருந்தா ஏன்னு கேளுங்க. சீட் தண்டவாளத்துல துரு, கால்மிதிக்குக் கீழ இருக்கிற தடிப்பான பஞ்சில் ஈரம், டிக்கியில ஸ்டெப்னி குழியில மண், டாஷ்போர்டுக்குள்ள போற கனெக்டர்ல பச்சைப் பூ. டிக்கி குழியைக் குறிப்பாப் பாருங்க, பிஎம்டபிள்யூ-வுல பேட்டரி டிக்கியிலதான்.

ஆனா எல்லா ஈரமும் வெள்ளம் இல்லை. சன்ரூஃப் வடிகால் அடைச்சாலும் கால்மிதி நனையும். சன்ரூஃபைத் திறந்து நாலு மூலையிலயும் ஒவ்வொரு டம்ளர் தண்ணி ஊத்துங்க. சக்கரத்துக்குப் பக்கத்துல தரையில வடியணும். வரலைன்னா அடைப்பு. கம்ப்ரெஸர் காத்தை உள்ள அடிக்காதீங்க. உள்ள குழாய் இணைப்பு கழன்றுடும், பிறகு கூரைத் துணியை இறக்கணும். புல்வெட்டி மெஷின்ல போடுற நைலான் கம்பியை மெதுவா நுழைச்சு எடுங்க.

கண்ணாடிக்குக் கீழ, வைப்பர் பெட்டிக்குள்ள இருக்கிற வடிகாலும் அப்படித்தான். மாமரம், பலாமரம், தென்னை நிழல்ல நிறுத்துற வண்டியில சருகும் பூவும் சேர்ந்து அடைக்கும். பழைய ஏ4-கள்ல பேட்டரிக்குக் கீழ இருக்கிற வடிகால் அடைச்சா தண்ணி உள்ள வந்து கார்பெட்டுக்குக் கீழ இருக்கிற கியர் கம்ப்யூட்டரை முக்கிடும். இடவப்பாதி (ஜூன்) மழைக்கு முன்னாடி ஒருதடவை, ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒருதடவை இதைத் திறந்து சுத்தம் பண்ணணும். நமக்கு ரெண்டு மழைக்காலம், ரெண்டு தடவை.

பேச்சிப்பாறை_ரப்பர்:
இடையில ஒரு கேள்வி. 2005 இ-கிளாஸ் ஒண்ணு மூணு லட்சத்துக்கு வருது, வி6 டீசல். உள்ள எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. மலைப்பாதைக்கு எடுக்கலாமா?

தக்கலை_டீசல்:
2005 இ-கிளாஸ், அதாவது டபிள்யூ211-ன்னா பிரேக் எஸ்பிசி வகை. மின் பம்புல அழுத்தம் கொடுத்துப் பிடிக்கிற பிரேக். அந்தப் பம்ப் எத்தனை தடவை பிரேக் மிதிச்சீங்கன்னு எண்ணிக்கிட்டே இருக்கும். சுமார் மூணு லட்சம் தடவை ஆனதும் மாத்தச் சொல்லி எச்சரிக்கை போடும். 2006-ல மாடலைப் புதுப்பிச்சப்போ பென்ஸ் அதை எடுத்துடுச்சு. அதனால டபிள்யூ211 எடுக்கிறதா இருந்தா 2006 நடுவுக்கு அப்புறம் வந்ததைத் தேடுங்க. மலைப்பாதையில பிரேக் மிதிப்பு ரொம்ப அதிகம்.

அதோட ஒரு ஆபத்து. எஸ்பிசி வண்டியில பேட் மாத்துறதுக்கு முன்னாடி ஸ்கேனரால அமைப்பைச் செயலிழக்கச் செய்யணும். சாவியை எடுத்தாச்சேன்னு காலிப்பரைக் கழட்டினா, கதவைத் திறந்தாலே பம்ப் அழுத்தம் கொடுத்து பிஸ்டன் வெளிய தள்ளும். விரல் நசுங்கும். சாதாரண ஒர்க்‌ஷாப்ல கொடுக்கும்போது இதைச் சொல்லித்தான் கொடுக்கணும்.

வி6 டீசல் ஓஎம்642-ஆ இருந்தா, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல கீழ ஆயில் சொட்டுதான்னு பாருங்க. பல பேர் பின்பக்க கிராங்க் சீல்னு சொல்லி கியர்பாக்ஸை இறக்குவாங்க. பெரும்பாலும் அது வி வடிவப் பள்ளத்துல உட்கார்ந்திருக்கிற ஆயில் கூலரோட ரப்பர் சீல். பழைய ஆரஞ்சு நிற சீல் வெப்பத்துல இறுகிடும். ஊதா நிறத்துல வந்த விட்டான் சீல்தான் போடணும். சீல் சில நூறு ரூபாய்ச் சாமான், ஆனா டர்போவையும் இன்டேக்கையும் கழட்டணும். அந்த நேரத்துலயே டர்போ வாய்ச் சீலையும் மாத்திடுங்க. அது கசிஞ்சா ஆயில் கீழ இருக்கிற ஸ்வர்ல் மோட்டார் (உள்ள போற காத்தைச் சுழற்றுற தகடுகளை அசைக்கிறது) மேல சொட்டி அதையும் கெடுக்கும்.

இன்ஜெக்டரைச் சுத்தித் தார் மாதிரி கறுப்பா உறைஞ்சு, சுஸ் சுஸ்னு காத்து வந்தா அடியில இருக்கிற செப்பு வாஷர் போயாச்சு. கழட்டும்போது வாஷரும் போல்ட்டும் புதுசு போடணும், உட்கார்ற இடத்தைச் சுத்தமாத் தேய்க்கணும். பழைய போல்ட்டை மறுபடி இறுக்கினா ஹெட்டுல மரை போகும்.

பேச்சிப்பாறை_ரப்பர்:
புரிஞ்சது. அதை விட்டுடுறேன். அண்ணே, காத்துல நிக்கிற சஸ்பென்ஷன் வண்டி?

தக்கலை_டீசல்:
ஏர்மேட்டிக்னா மாலையில வண்டியை நிறுத்தி, நாலு சக்கரத்துலயும் மையத்துல இருந்து ஆர்ச் வரை டேப்பால அளந்து எழுதுங்க. மறுநாள் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மறுபடி அளங்க. ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தா அந்தப் பலூன் கசியுது. கசியுற பலூனை விட்டு வச்சா கம்ப்ரெஸர் ஓயாம ஓடி எரியும். ரெண்டையும் சேர்த்து மாத்துற செலவை நினைச்சு விலை பேசுங்க. பேச்சிப்பாறைப் பக்கத்து ரோட்டுக்கு ஸ்டீல் ஸ்பிரிங் வண்டியே போதும்.

வேளிமலை:
கிலோமீட்டர் பத்தி ஒரு வார்த்தை. மீட்டரை மாத்துறது சுலபம், எல்லா மாட்யூல்லயும் மாத்துறது சுலபமில்லை. இ90-ல மீட்டர்ல ஒரு எண், சாவியை அடையாளம் காணுற சிஏஎஸ் மாட்யூல்ல ஒரு எண், சாவிக்குள்ளயும் ஒரு எண் பதிவாகும். மூணும் ஒத்துப்போகணும். ஆடிக்கு விசிடிஎஸ், பென்ஸுக்கு ஸ்டார் டயக்னோசிஸ் ஸ்கேனர் இருக்கிற ஆளைக் கூட்டிட்டுப் போங்க. சந்தையில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற ஓபிடி புளூடூத் பொத்தான் இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும், கியர், ஏர்பேக், பிரேக் மாட்யூல் படிக்காது. ஸ்கேன் பண்ணப் போகும்போது பழுதுக் குறியீடு ஒண்ணுமே இல்லாம எல்லாம் சுத்தமா இருந்தா, அன்னைக்குக் காலையில அழிச்சிருக்கலாம். 15 வருஷ வண்டியில ஏதாவது பழைய குறிப்பு இல்லாம இருக்காது. 50 கி.மீ. ஓட்டிட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்க.

ஆரல்_காற்று:
டயர் பாக்கது மறந்துராதீங்க. பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2319-ன்னா 2019-ல 23-வது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டினா வெடிப்பு விட்டிருக்கும். பிஎம்டபிள்யூ-வுல ரன்ஃபிளாட் டயர், ஸ்டெப்னி கிடையாது. நாலும் சாதா டயரா மாத்திட்டா ஆட்டம் குறையும், விலையும் குறையும். ஆனா 12 வோல்ட் பம்பும் பஞ்சர் கிட்டும் டிக்கியில கிடக்கணும். இ90-க்கு 205/55 ஆர்16 போதும். 17, 18 இஞ்ச் போட்டா நம்ம ரோட்டுக் குழியில பக்கவாட்டுல கட்டி கட்டியா வீங்கும்.

பேட்டரி பத்தியும் சொல்லிருதேன். இ90-ல பேட்டரி மாத்தினா ஸ்கேனர்ல பதிவு பண்ணணும். பண்ணலைன்னா பழைய பேட்டரின்னு நினைச்சு அதிகமாச் சார்ஜ் ஏத்திச் சீக்கிரம் கெடுக்கும். ஏஜிஎம் வகை இருந்த இடத்துல சாதா பேட்டரி போடாதீங்க. வண்டி ரெண்டு நாள் நின்னா ஸ்டார்ட் ஆகலைன்னா, பூட்டி முக்கால் மணி நேரம் கழிச்சு மின் இழுப்பு அளக்கச் சொல்லுங்க. 50 மில்லி ஆம்பியருக்கு மேல இருந்தா ஏதோ ஒரு மாட்யூல் தூங்கலை.

மணக்குடி_காயல்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, அண்ணாச்சி, நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா டெல்லி ஏ4-ஐ விடுறேன். இ250 முதல், 320டி-க்கு செயின் பில் இருந்தா மட்டும் ரெண்டாவது. சரியா? எடுத்தா முதல் மாசத்துல என்னென்ன செய்யணும்?

தக்கலை_டீசல்:
வரிசை சரி. இ250-ல இன்ஜெக்டர் ரெக்கார்டும் கியர் ஆயில் ரெக்கார்டும் இருந்தா அதையே முடிங்க. கேக்குற விலையில மூணுல ஒரு பங்கை முதல் வருஷச் செலவுக்குத் தனியா வச்சுட்டுத்தான் பேசணும். கையில மொத்தம் எட்டு லட்சம்னா, வண்டி ஆறு லட்சத்துக்குள்ள இருக்கணும்.

முதல் மாசம்: இன்ஜின் ஆயில் 6.5 லிட்டர், 5டபிள்யூ-30, டப்பாவுல பென்ஸோட எம்பி 229.51 அனுமதி அச்சடிச்சிருக்கணும். ஃபில்டரோட ஓ-ரிங்குகளையும் மாத்தணும். 320டி எடுத்தா 5.2 லிட்டர், பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 அனுமதி உள்ளது. மீட்டர் 20,000-க்கு மேல போகலாம்னு காட்டினாலும் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முன்னோ அது. நீங்க தினமும் பத்துப் பத்து கி.மீ. ஓட்டுறீங்க, இன்ஜின் சரியாச் சூடாகுறதுக்குள்ள அணைச்சுடுவீங்க, ஆயில்ல டீசலும் கரியும் சேரும். அதுக்குத்தான் அந்தத் திருவனந்தபுரம் ஓட்டத்துல முழுக்க மெதுவாவே போகாம, சாலை விடுற இடத்துல அரைமணி நேரமாவது 2,000 ஆர்பிஎம்-க்கு மேல நிதானமா ஓட்டுங்க, புகையை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புற ஈஜிஆர்-ல கரி தங்குறது குறையும்.

டீசல் ஃபில்டர், காத்து ஃபில்டர், ஏசி ஃபில்டர். பிரேக் ஆயில் முழுசா மாத்தணும், டாட் 4. அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், நம்ம கரையில ரெண்டு வருஷத்துக்கு மேல விடக்கூடாது. கூலண்டை முழுசா இறக்கி, பென்ஸுக்கு 325.0 அனுமதி உள்ளதைப் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர்ல கலந்து ஊத்துங்க. குழாய்த் தண்ணியோ வேற வகைக் கூலண்டோ கலந்தா ரேடியேட்டர் உள்ள படிவு கட்டலாம். ஆல்டர்நேட்டரைச் சுத்துற வெளிப் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் சேர்த்து. கியர் ஆயில் மேல சொன்னபடி. ஏசி கண்டென்சரை முன்னால இருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. அலுமினியப் பல் உதிர்ந்து வெள்ளைப் பொடியா இருந்தா வெயில் காலத்துக்கு முன்னாடி கேஸ் போயிடும். கேஸை மட்டும் நிரப்பாதீங்க, கண்டென்சரை மாத்துங்க.

சாமான் வாங்கும்போது கடையில வண்டிப் பெயரைச் சொல்லாதீங்க, 17 எழுத்துச் சேசிஸ் எண்ணைச் சொல்லுங்க. ஒரே வருஷத்துல ரெண்டு வகை பிரேக் டிஸ்க் வந்திருக்கும். முன் ஆர்ம், புஷ் எல்லாம் லெம்ஃபோர்டர், ஃபில்டர் மான் அல்லது மாலே, இன்ஜெக்டர் வேலைக்கு அந்தந்தக் கம்பெனிச் சாமான். பெயர் தெரியாத பாலித்தீன் கவர்ல வர்ற ஆர்ம் ஆறு மாசத்துல தட்டும். கண்ணாடி, கதவு ஹேண்டில், சீட் மோட்டார் மாதிரி உடல் சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில கழட்டின சாமான் தாராளமா எடுக்கலாம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் மட்டும் கழட்டினது வேண்டாம்.

வேளிமலை:
இன்சூரன்ஸும் பாத்துக்கோங்க தம்பி. 1,500 சிசி-க்கு மேல உள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் முதல் வருஷம் 7,897 ரூபாய், வரி தனி. இந்த வயசுக்கு ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம கிளெய்ம் தர்றது) கொடுக்க மாட்டாங்க. ஆனா சாலை உதவி சேர்த்துக்கோங்க, அதுல ஃபிளாட்பெட் லாரி கிடைக்குமான்னு கேட்டு எழுதி வாங்குங்க. கம்பெனி சர்வீஸுக்குத் திருவனந்தபுரம்தான் போகணும். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போனா கியர்பாக்ஸ் பம்ப் சுத்தாது, ஆயில் இல்லாம உள்ள எரியும்.

மணக்குடி_காயல்:
லிஃப்ட்ல ஏத்திப் பார்க்க விற்கிறவர் ஒத்துக்கிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கார்.

முட்டம்_கலங்கரை:
ஏழு மணிக்கு வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகாம இருக்கணும்னு சனிக்கிழமை ராத்திரியே சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க, வெதுவெதுப்பா இருந்தா வேற நாள் கேளுங்க. டார்ச், தட்டை ஸ்க்ரூ டிரைவர், டேப், ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போங்க. தண்ணி சன்ரூஃப் வடிகாலுக்கு.